எண்ணெய் அடுப்பில் இருக்கும்வரை

என் மாமியைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லச் சொன்னால், நான் முதலில் என் இடது காதைத் தொட்டுப் பார்த்துக்கொள்வேன். அந்தக் காதில் இன்றைக்கும் பாதிதான் கேட்கும். மீதிப் பாதியை மாமி எடுத்துக்கொண்டார். அதற்காக அவரை வெறுத்த நாட்கள் உண்டு. வெறுத்துக்கொண்டே அவர் பொரித்த கிழங்கு சிப்ஸைக் கைநிறைய அள்ளித் தின்ற நாட்களும் உண்டு. பெரும்பாலும் இரண்டும் ஒரே நாளில்தான் நடக்கும். மாமி இப்போது இல்லை. அதனால் பயமில்லாமல் சொல்கிறேன்.

மாமி என்றால் என் வீட்டுக்காரரின் அம்மா. நோட்டன் பிரிட்ஜுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், பத்துக் காம்பரா வீடுகள் ஒட்டி நிற்கும் லயத்தில், கடைசிக் காம்பரா அவருடையது. காலையில் கொழுந்தெடுக்கப் போவார். பின்னேரமும் ஞாயிற்றுக்கிழமையும் கிழங்கு பொரித்துப் பையில் அடைப்பார். சீசன் தொடங்கிவிட்டால், மலைக்கு யாத்திரை போகிற ஆட்களை ஏற்றிக்கொண்டு நல்லதண்ணிக்குப் போகும் பஸ்களும் வேன்களும் நோட்டன் பிரிட்ஜில் தேத்தண்ணிக்கு நிற்கும். என் வீட்டுக்காரர் அங்கே நின்று விற்பார். அந்தச் சிப்ஸை ஒருமுறை தின்றவர்கள் அடுத்த வருடமும் வந்து கேட்பார்கள்.

ஆள் ஒல்லி. என் தோளுக்குத்தான் வருவார். கை மட்டும் அந்த உடம்புக்குப் பொருந்தாத கை. முப்பது வருடம் கொழுந்து பறித்து, விறகுக்கு மிலாறுக் குச்சி பொறுக்கி, காய்த்துப்போன கை. மற்றவர்கள் முதலில் முறைப்பார்கள், பிறகு திட்டுவார்கள், அதற்குப் பிறகுதான் அடிப்பார்கள். மாமியிடம் அந்த வரிசை கிடையாது. முதலில் அடி. எதற்கு அடித்தார் என்பது பிறகு தெரியவரும். சில நேரம் தெரியாமலே போகும். எல்லாம் முடிந்த பிறகு ஒன்று சொல்வார்:

"கை முந்திருச்சு."

மன்னிப்பு என்று அவர் வாயிலிருந்து நான் கேட்டது அது ஒன்றுதான்.

காது போன கதையைச் சொல்லிவிடுகிறேன். கல்யாணமாகி இரண்டாவது மாதம். என் ஊர் றொசல்ல பக்கம். எங்கள் வீட்டில் கிழங்கை எப்போதும் குளிர்ச்சியான இடத்தில்தான் கொட்டி வைப்போம். கறிக்குத்தானே, முளைக்காமல் இருந்தால் போதும். மாமியோ இரண்டு மூட்டைக் கிழங்கை அடுப்புக்கு மேலே கட்டிய பரணில் ஏற்றி வைத்திருந்தார். அந்த நேரத்தில் அவருடைய தங்கச்சி இறந்துபோனார். மாமி சாவு வீட்டுக்குப் போய், பதினாறு முடித்துத்தான் திரும்பினார். அதற்குள் புது மருமகள் கெட்டிக்காரத்தனம் காட்டினேன். ஐயோ, நல்ல கிழங்கு புகையில் கிடந்து வாடுகிறதே என்று மூட்டைகளை இறக்கி, வெளியே இஸ்தோப்புத் திண்ணையில் சுவரோரமாக வைத்தேன். பனி கொட்டுகிற மாதம். காலையில் மூட்டையைத் தொட்டால் ஐஸ் மாதிரி இருக்கும்.

மாமி வந்த மறுநாள் கிழங்கு சீவினார். கழுவினார், உலர்த்தினார், எண்ணெயில் போட்டார். பொன்னிறத்தில் வரவேண்டியது வேகும் முன்பே ஓரம் கறுத்துவிட்டது. எடுத்து ஒன்றைக் கடித்தார். எனக்கும் ஒன்றைத் தந்தார். இனித்தது. குளிர் ஏறின கிழங்கில் இனிப்பு ஊறிவிடும், அந்த இனிப்புதான் எண்ணெயில் கருகும், அதனால்தான் பொரிக்கிற கிழங்குக்குச் சூடு படவேண்டும் என்பதெல்லாம் எனக்கு அப்போது யார் சொன்னார்கள்?

"மூட்டய எங்க வச்ச?"

"இஸ்தோப்புல, மாமி."

மாமி இரும்புச் சட்டியை அடுப்பிலிருந்து இறக்கி, மூலையில் சாக்கின் மேல் வைத்தார். தட்டால் மூடினார். சேலையில் கையைத் துடைத்தார். எழுந்து வந்தார். அடுத்து எனக்குத் தெரிந்தது சுவர். சுவரில் மோதி, கீழே விழுந்து, எழுந்திருக்கப் பார்த்து, மறுபடி விழுந்தேன். காதுக்குள் கொழுந்து அரைக்கிற ஒரு மெஷின் ஓடத் தொடங்கியது. அது நாலு நாள் ஓடியது. நின்றபோது அந்தக் காதும் பாதி நின்றுவிட்டது.

"கெழங்குக்குக் குளிர் ஏறிருச்சு" என்றார் மாமி, என் தலைக்கு மேலே நின்றுகொண்டு. கொஞ்ச நேரம் கழித்து, "கை முந்திருச்சு" என்றார்.

ஆனால் கை முந்தவில்லை என்பது எனக்கு அப்போதே தெரியும். சட்டியை இறக்கும்வரை அந்தக் கை பொறுத்திருந்ததே.

அதுதான் மாமியின் கணக்கு. அடுப்பில் எண்ணெய் இருக்கும்போது அவர் யார் மேலும் கை ஓங்க மாட்டார். என்ன தலைபோகிற விஷயமானாலும் சரி. எண்ணெய் காயத் தொடங்கியது என்றால் வீட்டுக்குள் ஒரு சமாதானம் வந்துவிடும். அந்த வீட்டில் எல்லோரும் வாய்விட்டுப் பேசியது அந்த நேரத்தில்தான். என் வீட்டுக்காரர் ஏதாவது ஏடாகூடம் செய்துவிட்டு வந்தால், எண்ணெய் காயும்வரை வெளியே சுற்றிக்கொண்டிருப்பார். புகை எழும்பியதும் உள்ளே வந்து, "அம்மா, ஃபோன் தொலஞ்சிருச்சு" என்பார். மாமி "ம்" என்பார். கரண்டி அது பாட்டுக்குக் கிண்டும். கடைசி ஈடு எடுக்கிற நேரம் பார்த்து என் வீட்டுக்காரர் மெதுவாக நழுவி, லயத்தைத் தாண்டி ஓடியிருப்பார். முப்பது வயது ஆம்பிளை, சாரத்தைத் தூக்கிக் கட்டிக்கொண்டு தேயிலைக்குள் ஓடுவதைப் பார்த்து நான் சிரித்திருக்கிறேன்.

மாமி பொரிப்பதைப் பார்க்க வேண்டும். கிழங்கைத் தோல் சீவி, பலகையில் பதித்த கத்தியில் வைத்து இழுப்பார். ஒவ்வொரு சீவலையும் உள்ளங்கையில் வைத்தால் கைரேகை தெரிய வேண்டும். மூன்று தண்ணீரில் அலசுவார். மாவுத்தண்ணி போய், கடைசித் தண்ணீர் பீலியில் விழுகிற ஊற்றுத் தண்ணீர் மாதிரி தெளிந்திருக்க வேண்டும். பழைய நூல் சேலையில் பரப்பி, ஒவ்வொன்றாக ஒற்றி எடுப்பார். எண்ணெயில் ஒரு கைப்பிடிக்கு மேல் போட மாட்டார். சலசலப்பு அடங்குகிற நேரம் வரும். அப்போது மஞ்சள் கலந்த உப்புத்தண்ணியை ஒரு கரண்டி எடுத்து நேரே கொதிக்கிற எண்ணெய்க்குள் விடுவார். எண்ணெய் கத்தும். சட்டியின் விளிம்புவரை நுரைத்துக்கொண்டு எழும்பி நாலா பக்கமும் தெறிக்கும். நாங்கள் எல்லோரும் சுவரோடு சுவராக ஒட்டிக்கொள்வோம். மாமி மட்டும் அசைய மாட்டார். அவருடைய முன்கை முழுக்கப் பொட்டுப் பொட்டாக வெள்ளைத் தழும்பு. அந்த ஆர்ப்பாட்டம் ஓய்ந்ததும் காதைக் கொடுத்துக் கேட்பார். சத்தம் முழுதாக நின்றால் எடுக்கலாம். உப்பு உள்ளே இறங்கியிருக்கும். கடித்தால் பக்கத்துக் காம்பராவுக்குக் கேட்கும்.

நானும் அதைப் படித்தேன். வலது காதைச் சட்டிப் பக்கம் திருப்பிக்கொண்டுதான் படித்தேன்.

அந்தக் கை நல்லதும் செய்திருக்கிறது, இல்லையென்று சொன்னால் பாவம். பக்கத்துக் காம்பரா அக்கா சொன்ன கதை இது. என் வீட்டுக்காரருக்கு அப்போது ஐந்து வயதாம். மலைக்குப் புதிதாகக் கொழுந்தெடுக்க வந்த ஒரு பெண்பிள்ளையின் இடுப்பில் ஒரு கங்காணி கை வைத்திருக்கிறான். அந்தப் பிள்ளை பேசாமல் நின்றிருக்கிறாள். மூன்று நிரை தள்ளி நின்ற மாமி பார்த்துவிட்டார். முதுகுக் கூடையைக் கழற்றிக் கொழுந்தோடு அவன் தலையில் கவிழ்த்தார். பிறகு அதே கூடையால், கூடை பிய்ந்து நார் நாராகத் தொங்கும்வரை அடித்தார். அவன் தண்ணீர் ஓடும் கானுக்குள் விழுந்தான். மாமியும் கானுக்குள் இறங்கினார். நாலு பேர் சேர்ந்து இழுத்தபோது அவனுக்கு முன்பல் இரண்டு இல்லை.

அந்தப் பெண்பிள்ளை அழுதுகொண்டே வந்து மாமியின் கையைப் பிடித்தாளாம். மாமி அவளுக்கும் ஒன்று வைத்தார்.

"வாயில என்னடி கொழுக்கட்டையா வச்சிருந்த? பேசாம நின்னுக்கிட்டு!"

நாலு வாரம் வேலை கிடையாது என்று தோட்டத்துத் தொரை சொல்லிவிட்டார். சும்மா இருந்தால் கை அரிக்கும் போல. அந்த நாலு வாரத்தில்தான் மாமி கிழங்கு பொரிக்கத் தொடங்கினார்.

பஸ் நிற்கிற இடத்திலும் ஒரு தடவை. என் வீட்டுக்காரருக்குக் காய்ச்சல், மாமியும் நானும் விற்கப் போயிருந்தோம். கொழும்புப் பக்கத்து வேன் ஒன்றில் ஒரு வாலிபன் பையைப் பிரித்து ஒன்றைத் தின்றுவிட்டு, இது போன வருடம் பொரித்ததா என்று சிங்களத்தில் கேட்டுச் சிரித்தான். ஜன்னலுக்குள்ளே கையை விட்டு மாமி அறைந்த அறையில் அவன் தொப்பி அடுத்த சீட்டில் போய் விழுந்தது. நான் செத்தேன் என்று நினைத்தேன். வேன் நிறைய ஆட்கள். ஆனால் மலைக்குப் போகிற பயணத்தில் கோபப்படக் கூடாது, கடுஞ்சொல் பேசக் கூடாது என்று அவர்களுக்கு ஒரு வழக்கம் இருக்கிறது. யாரும் வாய் திறக்கவில்லை. அவனுடைய அம்மா மட்டும், "சமாவென்ன அம்மே" என்று மாமியிடம் மன்னிப்புக் கேட்டு, நாலு பை வாங்கிக்கொண்டார்.

இனி, அந்த எண்ணெய்க் கணக்குக்குப் பின்னால் இருந்த சத்தியம். என் வீட்டுக்காரரின் முதுகில், கழுத்திலிருந்து இடுப்புவரை தோல் சுருங்கி, பளபளவென்று இருக்கும். கல்யாணமான புதிதில் கேட்டேன். அவர் சொல்லவில்லை. மாமிதான் சொன்னார், கிழங்கு ஒற்றிக்கொண்டே, அடுத்த வீட்டுக் கதை மாதிரி. ஆறு வயதில் அவர் பச்சைச் சீவலைத் திருடித் தின்றாராம். மாமி மிலாறை ஓங்கினார். ஓங்கிய மிலாறு சட்டியின் காதில் மாட்டியது. பிள்ளை குனிந்து ஓடப் பார்த்தான். எண்ணெய் முதுகில் இறங்கியது. தோட்டத்து லொறியில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். மூன்று மாதம் குப்புறப் படுத்திருந்தான். வீட்டுக்குக் கொண்டுவந்த அன்றைக்கு மாமி மாரியம்மன் கோயிலில் சூடம் அடித்துச் சத்தியம் செய்தார். எண்ணெய் அடுப்பில் இருக்கும்போது இனிக் கை ஓங்குவதில்லை என்று.

"அடிக்கிறதே இல்லன்னு சத்தியம் பண்ணியிருக்கலாம்ல மாமி?" என்று கேட்டேன். எண்ணெய் அடுப்பில் இருந்ததால் வந்த தைரியம்.

மாமி என்னை ஒரு பைத்தியத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"செய்ய முடியிறத தான்டி சத்தியம் பண்ணணும். மாரியம்மாகிட்ட போயி பொய் சொல்லச் சொல்றியா?"

அந்தப் பதிலை நான் எத்தனையோ நாள் யோசித்திருக்கிறேன். அதற்காக அவரை ஒரு நாள் மெச்சுவேன், மறுநாள் திட்டுவேன்.

எனக்கு மகள் பிறந்தாள். லயத்துக்குக் கொண்டுவந்த அன்றைக்கே மாமியிடம் சொல்லிவிட்டேன்.

"என்னய என்ன வேணும்னாலும் பண்ணுங்க. இந்தப் புள்ள மேல மட்டும் கை வைக்காதீங்க மாமி."

"நான் என்ன பேயா?" என்றார்.

என் மகள் மேல் அந்தக் கை படக் கூடாது. அந்த வீட்டில் நான் இருந்த மற்ற வருடங்கள் எல்லாம் எனக்கு அந்த ஒரு கவலைதான். மாமி நாலு வருடம் சொல்லைக் காப்பாற்றினார். பிள்ளை எதையாவது கொட்டிவிட்டால் மாமியின் கை எழும்பும். எழும்பின கையோடு வெளியே ஓடுவார். ஓடிப்போய் இஸ்தோப்பின் தகரத்தில் ஓங்கி அடிப்பார். அந்தத் தகரம் முழுக்கக் குழி. லயத்தில் தகரச் சத்தம் கேட்டால், "ஒங்க வீட்டு மகாராணி எதயோ ஒடச்சிட்டா" என்று அக்கா சிரிப்பாள்.

பேத்தியிடம் பொறுத்த மாமி மகனிடம் பொறுக்கவில்லை. அந்த மகன் என்னிடம் பொறுக்கவில்லை. அவர் என்னை அடிப்பது மாமிக்குத் தெரியாமல் இல்லை. கண்ணில் படாதவரை விட்டுவிடுவார். ஒரு நாள் கண்ணில் பட்டது. நான் சீவலை ஒற்றிக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர் தேத்தண்ணி கேட்டார், இருங்கள் என்றேன். முடியைக் கொத்தாகப் பிடித்து என் நெற்றியைக் கதவு நிலையில் இடித்தார். இரண்டு தடவை. மூன்றாவது தடவைக்கு இழுத்தபோது மாமி பேசினார்.

"விடுறா. அங்கயே நில்லு."

எண்ணெய் அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்தது. சட்டியில் ஒரு ஈடு கிடந்தது. மாமி அதற்கு உப்புத்தண்ணி விட்டார். சத்தம் அடங்கும்வரை காத்திருந்து அரித்தெடுத்தார். சட்டியை இறக்கி, சாக்கின் மேல் வைத்து, தட்டால் மூடினார். சேலையில் கையைத் துடைத்தார். இவ்வளவு நேரமும் என் வீட்டுக்காரர் நின்ற இடத்திலேயே நின்றார். கதவு திறந்துதான் இருந்தது. ஓடியிருக்கலாம், ஓடவில்லை.

மாமி விறகுக் கட்டிலிருந்து ஒரு மிலாறை உருவி, மகனின் தொடையில் தொடங்கினார். மிலாறு ஒடிந்தது. இன்னொன்றை எடுத்தார். அதுவும் ஒடிந்தது. "அம்மா, அம்மா" என்று அவர் கத்தினாரே தவிர, ஒரு கையைக்கூடத் தூக்கித் தடுக்கவில்லை. சாரம் கிழிந்து ரத்தம் வந்தது. நெற்றியில் வழிந்ததைத் துடைத்துக்கொண்டு நான் பார்த்துக்கொண்டே நின்றேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். இன்னும் நாலு போடட்டும் என்று நினைத்தேன். நாலாவது மிலாறு ஒடிந்தபோதுதான், கதவுக்குப் பின்னால் என் மகள் நின்று பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டேன். அவளும் என்னைப் போலத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதன்பிறகு என் வீட்டுக்காரர் வீட்டில் என்னைத் தொடுவதில்லை. பீலிக்குப் போகிற வழியில் வைத்து அடிப்பார்.

பிறகு ஒரு நாள் பிள்ளை உப்புத்தண்ணிச் சட்டியைத் தட்டிவிட்டாள். அன்றைக்கு மாமிக்கு வெளியே ஓட நேரம் கிடைக்கவில்லை. பிள்ளையின் கன்னத்தில் ஐந்து விரலும் பதிந்து, ராத்திரிவரை மறையவில்லை. மாமி மூலையில் போய் உட்கார்ந்து தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். "கை முந்திருச்சு" என்று அவர் சொன்னபோது நான் திரும்பவில்லை. அதற்குக்கூட நான் வீட்டைவிட்டுப் போயிருக்க மாட்டேன் என்று நினைக்கிறேன். அடிவாங்கி அடிவாங்கி அவ்வளவுதான் எனக்கு ரோஷம்.

அடுத்த வாரம், வேலைக்குப் போகிறவர்கள் பிள்ளைகளை விட்டுப் போகிற பிள்ளைக் காம்பராவிலிருந்து ஆள் அனுப்பினார்கள், பிள்ளையை வந்து கூட்டிப் போகச் சொல்லி. பால்போத்தலைத் தரமாட்டேன் என்ற ஒரு ஒன்றரை வயதுக் குழந்தையை என் மகள் மரக்கட்டையால் மண்டையில் அடித்திருந்தாள். குழந்தையின் முகமெல்லாம் ரத்தம். அதன் அம்மா மலையிலிருந்து ஓடிவந்து கதறிக்கொண்டிருந்தாள். நான் என் மகளைப் பிடித்து உலுக்கி, ஏன் அடித்தாய் என்று கேட்டேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்துச் சொன்னாள்:

"கை முந்திருச்சும்மா."

அன்றைக்கு முடிவு செய்தேன். ஹட்டனில் ஒரு முஸ்லிம் நானா கடையில் தைப்பதற்கு ஆள் கேட்டிருந்தார்கள். என் மகளைக் கூட்டிக்கொண்டு அங்கே போய்விட வேண்டும், திரும்பி வரக் கூடாது. வீட்டுக்காரரிடம் சொல்ல முடியாது. மாமியிடம் சொல்லாமல் போக எனக்கு மனது வரவில்லை. எதற்காக வரவில்லை என்று கேட்டால் தெரியாது. சொன்னால் எப்போது சொல்ல வேண்டும் என்பது மட்டும் தெரியும்.

சீசன் நேரம், பௌர்ணமிப் போயா நாள். விடியற்காலையிலேயே என் வீட்டுக்காரர் முதல் சுமையோடு பஸ் நிற்கிற இடத்துக்குப் போய்விட்டார். பத்து மணிக்கு இரண்டாவது சுமைக்கு வருவார். மாமி இரண்டாவது ஈடு போட்டபோது நான் வாயைத் திறந்தேன்.

"மாமி, நான் புள்ளய கூட்டிக்கிட்டு போறேன்."

"எங்க, கோயிலுக்கா?"

"இல்ல. ஹட்டனுக்கு. வேல இருக்கு. திரும்பி வரமாட்டேன்."

கரண்டி நின்றது. சட்டியில் சீவல் பொன்னிறமாகி, சிவந்து, கறுத்தது. மாமி பார்த்துக்கொண்டே இருந்தார், எடுக்கவில்லை. அவர் ஒரு ஈட்டைக் கருகவிட்டதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். பிறகு கரண்டி கீழே விழுந்தது. அவருடைய வலது கை எழும்பித் தோளுக்கு நேரே வந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஒன்றும் விழவில்லை. கண்ணைத் திறந்தபோது, இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"அவனுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"பத்து மணிக்கு வந்துருவான்."

"தெரியும் மாமி."

மாமி பரணை அண்ணாந்து பார்த்தார். "அர மூட்ட கெடக்குது" என்றார். பிறகு என்னிடம், "எந்திரி. எண்ணெய் அடுப்புல இருக்க வரைக்கும் எங் கை ஒன் மேல படாது. எறங்கிருச்சுன்னா என்ன செய்யும்னு எனக்கே தெரியாது. போயிரு."

"மாமி..."

"பேசாதடி. பேசுனா எறக்கிருவேன்."

கருகினதை அள்ளி வெளியே கொட்டிவிட்டு, புதுச் சீவல் போட்டார். பேத்தியைத் திரும்பிப் பார்க்கவில்லை. நான் ஒரு பையையும் பிள்ளையையும் தூக்கிக்கொண்டு, கடைத்தெருப் பக்கம் போகாமல், தேயிலைக்குள்ளால் குறுக்கே ஏறி மேல் ரோட்டில் பஸ் பிடித்தேன்.

மீதியை அக்கா ஃபோனில் சொன்னாள். பத்து மணிக்கு என் வீட்டுக்காரர் வந்திருக்கிறார். நான் எங்கே என்று கேட்டாராம். "பீலிக்குப் போயிருக்கா. எண்ணெய் அடுப்புல இருக்கு, சத்தம் போடாம ஒக்காந்து சீவு" என்றாராம் மாமி. அவர் உட்கார்ந்தார். சீவினார். பதினொரு மணிக்கு மறுபடி கேட்டார். "சீவு" என்றார் மாமி. அரை மூட்டைக் கிழங்கும் முடிந்தது. விதைக்கு வைத்திருந்த கிழங்கை எடுத்துக் கொடுத்தார். அதுவும் முடிந்தது. கடைசியில் மாமி தோலைக் கழுவிப் பொரிக்கத் தொடங்கினார். ஒரு மணிக்கு எண்ணெய் கறுத்து, லயம் முழுக்கப் புகை. மாமி விறகு வைத்துக்கொண்டே இருந்தார்.

அப்போதுதான் என் வீட்டுக்காரருக்குப் புரிந்திருக்கிறது. எழுந்து கொடியைப் பார்த்தார். பிள்ளையின் சட்டைகள் இல்லை. அக்கா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் அடுப்பண்டை வந்து, சட்டியைத் தானே இறக்கி, சாக்கின் மேல் வைத்தார். தட்டால் மூடினார். சாரத்தில் கையைத் துடைத்தார். பிறகு தன் அம்மாவை அடித்தார்.

"மிலாறு ஒடிஞ்ச பொறகும் விடல" என்று அக்கா அழுதாள். "கெழவி ஒரு கையத் தூக்கலடி. தடுக்கக்கூட இல்ல. நாங்க பூந்து இழுக்கறதுக்குள்ள சோத்துக் கை மணிக்கட்டு ஒடிஞ்சிருச்சு."

தோட்டத்து டிஸ்பென்சரியில் கானுக்குள் வழுக்கி விழுந்ததாகச் சொன்னாராம் மாமி.

அடுத்த மழைக் காலத்தில் அவர் நெஞ்சில் சளி கட்டி இறந்துபோனார். அதற்கு முன் ஒரே ஒரு தடவை என்னோடு பேசினார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அக்காவின் ஃபோனிலிருந்து. நான் ஹட்டனுக்கு வந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது.

"புள்ள சாப்பிடுதா?"

"சாப்பிடுது மாமி."

"சளி கிளி இருக்கா?"

"இல்ல மாமி. ஒங்க கை எப்படி இருக்கு?"

"அது கெடக்குது." பிறகு கேட்டார். "புள்ளய அடிக்கிறியா?"

ஃபோனில் முகம் தெரியாது. இல்லை என்று சொல்லியிருக்கலாம். மூன்று நாளைக்கு முன்னால்தான், வாடிக்கைக்காரரின் சேலைத் துணியை என் மகள் கத்தரியால் வெட்டிவிட்டாள். நான் மெஷினிலிருந்து எழுந்தது எனக்கு நினைவில் இல்லை. அவள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு கீழே கிடந்ததுதான் நினைவில் இருக்கிறது.

"ஒரு தடவ" என்றேன்.

அந்தப் பக்கம் ஒரு சத்தம் வந்தது. ஃபோன் இரைகிறது என்றுதான் முதலில் நினைத்தேன். மாமி அழுது நான் கேட்டதே இல்லை, அதனால் அது அழுகை என்று புரிய நேரம் ஆனது.

"எங்கிட்ட இருந்துதான்டி" என்றார். "எங்கிட்ட இருந்துதான் ஒனக்கு வந்துச்சு."

அப்படியெல்லாம் இல்லை மாமி என்று நான் சொல்லியிருக்கலாம். கை ஒடிந்து கிடக்கிற ஒரு மனுஷிக்கு அதைச் சொல்ல ஒரு நிமிஷம் ஆகாது.

"ஆமா மாமி" என்றேன்.